அரை எம்.எம். கட்டிய கப்பல்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், "சாமி, இடது தோள் அரை எம்.எம். எறங்கியிருக்கு" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் எதிர் ஃப்ளாட்டில்தான் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இல்லாமலா இருக்கும்? ஆனால் வாட்ச்மேனிலிருந்து கீரை விற்கிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் 'அரை எம்.எம். சார்'.

ஆவடியில் ஒரு ராணுவத் தளவாட ஃபேக்டரியில் முப்பது சொச்சம் வருஷம் இன்ஸ்பெக்டர். வெளியிலிருந்து வரும் உதிரி பாகங்களை அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் உள்ளே விடுவார். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சிவப்பு பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். ரிட்டையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் எங்கள் எதிர் ஃப்ளாட்டுக்குக் குடிவந்தார். வேலையை மட்டும்தான் விட்டுவிட்டு வந்தார். வியாதி கூடவே வந்தது.

பால் காய்ச்சிய அன்று எங்கள் வீட்டுக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்தவர், ஹாலில் நின்று சுவரையே பார்த்தார்.

"காலண்டர் சாஞ்சிருக்கும்மா."

"பரவால்ல சார்" என்றேன் மரியாதைக்கு.

அவ்வளவுதான். "பரவால்லன்னு ஒரு சைஸு எந்த டிராயிங்லயும் கெடையாதும்மா" என்றவர், தன் வீட்டிலிருந்து சுத்தியல் கொண்டுவந்து, இருந்த ஆணியைப் பிடுங்கி, பக்கத்தில் புது ஆணி அடித்துவிட்டுத்தான் போனார். அப்போதுதான் பெயின்ட் அடித்த சுவர். என் வயிறு எரிந்த எரிச்சலில் இன்னொரு டம்ளர் பால் காய்ச்சியிருக்கலாம்.

அவர் மனைவி சரோஜா அக்கா என்னைவிடப் பாவம். "என் தோசைய ஒரு நாள், ஒரே ஒரு நாள் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. ஓரம் தடிமன் கூடன்னுவாரு" என்பார். அக்கா சிரித்துக்கொண்டே சொல்லாத கதை ஒன்றும் உண்டு. அவர்கள் பெண் வித்யா மூணாங்கிளாஸ் படிக்கும்போது கலர் பென்சிலில் ஒரு கப்பல் வரைந்து அப்பாவிடம் ஆசையாகக் காட்டியிருக்கிறாள். "பாய்மரம் நேரா இல்லையே" என்று ஓரத்தில் சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுத்தாராம். "அதுக்கப்புறம் அது படமே வரையலம்மா" என்றார் அக்கா.

அந்த வித்யா இப்போது ஜெர்மனியில் இன்ஜினியர். போன ஆடி மாதம் அப்பாவுக்கு ஒரு பார்சல் அனுப்பினாள். மரத்தால் செய்கிற பாய்மரக் கப்பல் கிட். கூடவே ஒரு கார்டு: 'அப்பா, நீங்களே செய்யணும். பொங்கலுக்கு வர்றேன், பார்ப்பேன்.'

சார் அதை நாலு தடவை படித்தார். என்னிடமும் நீட்டினார். "பார்ப்பேன்னா என்னம்மா அர்த்தம்? இன்ஸ்பெக்‌ஷனா?"

ராணுவ டாங்கியையே பார்த்த மனுஷர் பயந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பெட்டி மேல் 'புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு' என்று போட்டிருந்தது. உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டங்கள், ஐஸ்கிரீம் குச்சியை முழ நீளத்துக்கு இழுத்து விட்ட மாதிரி மெல்லிசான மரப் பட்டைகள், நூல் கண்டுகள், கடுகு சைஸில் கப்பிகள். செய்முறைப் புத்தகமோ இத்தாலிய பாஷையில். செல்போனைக் காட்டினால் தமிழில் மாற்றிச் சொல்லும் என்று நான்தான் வழி சொன்னேன். அது, 'முதுகெலும்பை நிமிர்த்திப் பிடித்து விலா எலும்புகளை ஒவ்வொன்றாகச் சொருகவும்' என்றது. "இது கப்பல் புஸ்தகமா, கறிக்கடை போர்டா?" என்று கேட்டுவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார்.

எலும்புக்கூடு ஒரு வழியாக எழுந்து நின்றது. அதன் மேல் பட்டைகளை வளைத்து ஒட்ட வேண்டும். காய்ந்த பட்டையை வளைத்தால் பட்டென்று முறியும். ஊறவைத்து, ஆவி காட்டினால்தான் வளையும். இங்கேதான் வந்தது வம்பு. ஒருநாள் மாடிப்படியில் நின்று சார் போனில் வித்யாவிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பட்டை ஊறிக்கிட்டு இருக்கும்மா. ரெண்டு நாளா ஊறுது. நாளைக்கு அடுப்புல ஏத்திடுவேன்."

அதைக் கேட்டபடி இறங்கிப் போனவர் எங்கள் அசோசியேஷன் செகரெட்டரி. மறுநாள் காலை ரெண்டு சாட்சிகளோடு வந்து கதவைத் தட்டினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "சார், வயசுல பெரியவர் நீங்க. குடும்பங்க இருக்கற எடத்துல பட்டைச் சாராயம் காய்ச்சறது நல்லாவா இருக்கு?" என்றார்.

சார் அவரை நேராகச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். அடுப்பில் அக்காவின் இட்லிக் குண்டான். மூடியைத் திறந்தால் குப்பென்று ஆவி. தட்டில் இட்லிக்குப் பதில் பட்டைகள் அடுக்கியிருந்தன. செகரெட்டரிக்கு முகம் போன போக்கைப் பார்க்கணுமே! அத்தோடு விட்டாரா சார்? "வந்ததுதான் வந்தீங்க, இந்த முனையக் கொஞ்சம் புடிங்க" என்று அரை மணி நேரம் நிற்க வைத்தார். அப்புறம் ஒரு வாரம் அக்கா வீட்டு இட்லியில் பென்சில் சீவின வாசனை.

அடுத்து எங்கள் மொட்டை மாடியில் துணி கிளிப்புகள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் நாலு, அப்புறம் பத்து. ஆடிக் காற்று சும்மா விடுமா? என் ஊதா நிறச் சேலை பறந்து போய் டிப்போவில் நின்ற பஸ் கூரையில் உட்கார்ந்து, பூந்தமல்லி வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. ஓசிப் பயணம். கோபத்தோடு எதிர் வீட்டுக்குள் நுழைந்தால், கப்பலைச் சுற்றி வரிசையாகக் கிளிப்புகள். ஒட்டின பட்டை காயும்வரை நகராமல் கவ்விக்கொள்ள அதைவிட நல்ல சாமான் இல்லையாம்.

"சார், இதெல்லாம் என் கிளிப்பு!"

"சத்தம் போடாதம்மா, கோந்து காயுது" என்றார்.

புரட்டாசியில் வேலை அப்படியே நின்றது. என்ன என்று பார்க்கப் போனேன். வலது பக்கம் முடிந்திருந்தது. இடது பக்கம் வெறும் எலும்பு. மேஜை மேல் முப்பது பட்டைகள், ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு. மனுஷர் தான் வளைத்ததைத் தானே அளந்து, தானே ரிஜெக்ட் செய்து வைத்திருந்தார்! ஃபேக்டரியில் ரிஜெக்ட் ஆனால் வேறொருவர் வேறொன்று செய்து கொண்டுவருவார். கிட்டில் ஏது வேறொன்று? ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வித்யாவுக்குக் கப்பலின் வலது பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்.

"செஞ்சவனே அளந்து பாக்கக் கூடாதும்மா. அதான் ரூல். எனக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வேணும்" என்றார். "மண்ணூர்பேட்டையில தேவராஜ்னு ஒருத்தன். லேத் பட்டறை. அவன் சரக்கத்தான் நான் அதிகமா திருப்பி அனுப்பியிருக்கேன். ஒரு தடவகூட கெஞ்சினதில்ல. மறுபடி கடைஞ்சு எடுத்துட்டு வந்து நிப்பான். அவன் பார்த்தா சரியா இருக்கும்."

தேவராஜ் அடுத்த ஞாயிறு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சோபா குலுங்கச் சிரித்தார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். "வெர்னியர குடு சார்."

சார் அளவுகோலை எடுத்துக் கொடுத்தார். தேவராஜ் முதல் பட்டையை அளந்தார்.

"இத்த இன்னாத்துக்கு ரிஜெக்ட் பண்ண?"

"வளைவு அரை எம்.எம். கூட."

"யோவ் சார், இது இரும்பா? மரம்யா. வெயில்ல ஒரு அளவு காட்டும், மழ வந்தா ஒரு அளவு காட்டும். ஒட்டிக்கினு தேச்சா தானா ஒக்காந்துக்கும். பாஸ்!" என்றார். அடுத்ததும் பாஸ். அதற்கடுத்ததும் பாஸ். ஒரு மணி நேரத்தில் கடைசிப் பட்டைக்கு வந்துவிட்டார். அது ஒன்றில்தான் சாரே பொட்டு வைக்கவில்லை. தேவராஜ் அதை மூன்று தடவை அளந்தார். அப்புறம் சிவப்பு பெயின்ட்டை வாங்கி நிதானமாக ஒரு பொட்டு வைத்தார்.

"ரிஜெக்ட்டு."

"ஏன்? அது சரியாத்தானே இருக்கு?"

"கரீட்டாத்தான் கீது. இருவது வர்சமா ஆச சார். ஒண்ணே ஒண்ணு!"

நானும் அக்காவும் சிரித்து அடங்கவே நேரமானது. சார் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பட்டையை எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினார். தேவராஜ் பதறிப் போய், "தமாசுக்கு சொன்னேன் சார், எட்து ஒட்டு" என்றார். "இன்ஸ்பெக்டர் சொன்னா சொன்னதுதான்" என்று முடித்துவிட்டார் சார். மற்ற எல்லாவற்றையும் ஒட்டித் தேய்த்தார். பழைய பொட்டுகள் தேய்ந்து போயின. பாய்மரம், நூல், கப்பி எல்லாம் ஏறின. இடது பக்கத்தில் மட்டும் ஒரு பட்டை அகலத்துக்கு நீளமாக ஒரு சந்து. மரத்தூளும் கோந்தும் குழைத்து அடைத்துவிடலாம் என்று தேவராஜ் போனில் கெஞ்சினார். "மூடி மறைக்கிற வேலை என்கிட்ட நடக்காது" என்றார் சார்.

பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தோடு நான் போனபோது, வித்யா கப்பல் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சார் பரீட்சை பேப்பர் வாங்க வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம். அவள் வலது பக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் கப்பலை மெதுவாகத் திருப்பினாள்.

"என்னப்பா இது, சந்து?"

"அஞ்சு எம்.எம்.மா" என்றார். "ஒண்ணு ரிஜெக்ட் ஆயிடுச்சு."

"அது எங்க இருக்கு?"

டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவள் சிவப்புப் பொட்டைக் கட்டைவிரலால் தடவினாள். கோந்து எடுத்துத் தடவி, பொட்டு வெளியே தெரியும்படியே அதைச் சந்தில் வைத்து அழுத்தினாள். அச்சாகப் போய் உட்கார்ந்தது.

"அது ரிஜெக்ட் பண்ணதும்மா..."

"பரவால்லப்பா" என்றாள். "ரொம்ப நல்லாருக்குப்பா."

சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டை நகராமலிருக்க ஒரு கிளிப்பை எடுத்து அவளிடம் நீட்டினார். என் கிளிப்புதான். நான் திருப்பிக் கேட்கவில்லை.

ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று வித்யா இருவரையும் ஜெர்மனிக்குக் கூட்டிப் போய்விட்டாள். கிளம்பும்போது சாவி கொடுக்க சார் வந்தார். புது வருஷக் காலண்டரை என் வீட்டுக்காரர் கோணலாக மாட்டியிருந்தார். சார் அதைப் பார்த்தார். சுத்தியல் எடுக்கப் போவார் என்று நான் நகர்ந்து வழிவிட்டேன்.

"பரவால்லம்மா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அந்தக் காலண்டரை நான் நேராக்கவில்லை. அவர் வருகிற அன்று இன்னும் கொஞ்சம் சாய்த்து வைக்கப் போகிறேன். அதைப் பார்த்து அவர் என்னைத் திட்டணும்.