மூன்றாம் பிரஸ்ஸின் பச்சைப் பொட்டலம்

மனித குலம் எண்ணெயைக் கண்டுபிடித்தது பெரிதல்ல. அது ஒழுகாமலிருக்க ஒரு ரப்பர் வளையத்தைக் கண்டுபிடித்ததே, அதுதான் பெரிது. அந்த வளையத்துக்கு ஆயில் சீல் என்று பெயர். தைனான் நகரத்துக் குவோ முதலாளியின் தொழிற்சாலை நாளொன்றுக்கு நாற்பதாயிரம் ஆயில் சீல்களைச் செய்து, உலகத்துப் பேருந்துகளையும் டிராக்டர்களையும் ஒழுக்கமாக வாழவைத்துக்கொண்டிருந்தது.

அப்பேர்ப்பட்ட தொழிற்சாலையில், ரப்பரை அச்சில் அழுத்தி வளையமாக்கும் மூன்றாம் பிரஸ் ஒழுகியது.

அதை 'ஒழுகல்' என்று சொல்வதே குற்றம். அடியில் வைத்த பிளாஸ்டிக் வாளிக்கு 'எண்ணெய் மீட்பு நிலையம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பராமரிப்பு மேஸ்திரி யென் தியென்-ஷெங்குக்கு வாளியைப் பற்றிக் கவலையில்லை. சிலிண்டர் சீல் தேய்ந்து, தூக்கிப் பிடிக்கும் எண்ணெய் கசியக் கசிய, பிரஸ்ஸின் மேல்தட்டு கேட்பாரின்றித் தானாகக் கீழே இறங்கியது. அதனடியில் கையை விட்டு, சூடான அச்சிலிருந்து வளையங்களை எடுப்பவள் ஸு பீ-யுன்.

"அண்ணே, நேத்து நாலு விரக்கடை இறங்கிடுச்சு. ஒரு நொடி அசந்திருந்தா இனிமே இடது கையாலதான் சோறு!" என்றாள் அவள்.

"நீ இன்னிக்கு அதைத் தொடாதேம்மா. எழுதிக் கேட்டிருக்கேன்."

"அஞ்சாவது தடவையா?"

"ஆறாவது."

ஆறாவது விண்ணப்பம் வீண்போகவில்லை. 'ஒழுகாமை உயர்நிலைக் குழு' பிரஸ் முன்னாலேயே கூடியது. குவோ முதலாளியும் வந்து ஓரமாக நின்றார். ஆலை மேலாளர் ஷீ நாற்காலி போட்டு ஏறினார். சிலிண்டரைப் பார்க்க அல்ல. பிரஸ்ஸின் உச்சியில் உட்கார்ந்திருந்த சோளப்பொரிப் பொட்டலத்தைப் பார்க்க. ஊரில் எந்த இயந்திரத்தின் தலையிலும் இருப்பதுதான்; அந்தப் பொரியின் பெயருக்கே 'சமத்தாக இரு' என்று அர்த்தம். பச்சை நிறமாக இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது, காலாவதியாகக் கூடாது. அதுவரை இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும். வங்கிக் கணினியே கேட்கும்போது பிரஸ் எம்மாத்திரம்?

"பதினாலாம் தேதியோட காலாவதி!" என்று அறிவித்தார் ஷீ. குழு 'ஐயோ' என்றது.

"ஐயா, இது ஒழுக ஆரம்பிச்சது ரெண்டாம் தேதி," என்றார் யென்.

"பார்த்தீங்களா? காலாவதியாகப் போறது மெஷினுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. என்ன அறிவு!"

"சீல் தேஞ்சுபோச்சுய்யா. அரை நாள் நிறுத்தினா மாத்திடுவேன்."

"நம்ம சீல் தேயுமா? எங்க நின்னு பேசறேன்னு தெரியுதா உனக்கு?"

யென் குனிந்து பார்த்தார். எண்ணெயில்தான் நின்றுகொண்டிருந்தார்.

குழு ஒருமனதாகத் தீர்மானித்தது: பொட்டலம் மாற்றப்படும், தேதியைக் கவனிக்கத் தவறிய யென் பிழையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும்.

"போடலேன்னா?"

"பொட்டலத்தைப் பார்த்துக்க வேற ஆள் வருவான்."

புதுப் பொட்டலம் ஏறியது. எல்லோரும் கைகூப்பினார்கள். புகைப்படத்துக்குத் தலையில் தொப்பி இருந்தால் முகம் தெரியாதென்று, ஷீ தன் தலைக்கவசத்தைக் கழற்றி அச்சின் மேல் வைத்தார். "பீ-யுன், நீயும் பிரஸ் பக்கத்துல வந்து நில்லு, சிரி!"

பீ-யுன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தாள். அப்போது மேல்தட்டு, யாரும் பொத்தானைத் தொடாமலே, அவசரமில்லாமல் இறங்கியது. தலைக்கவசம் 'மடார்' என்று அப்பளமானது.

"புதுப் பொட்டலம் பழகக் கொஞ்சம் நாளாகும்," என்றார் ஷீ.

ஓரமாக நின்ற குவோ முதலாளி, யென்னின் தோளைப் பிடித்துக் கம்ப்ரஸருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். அவருக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"பிரஸ்ஸை இப்பவே நிறுத்து. கையெழுத்தும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். சீலை மாத்து."

யென்னுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு விண்ணப்பம் எழுதிய கை முதலாளியைக் கும்பிட்டது.

"இதோ முதலாளி! இதே அளவுல நம்ம சீல் கிடங்குல ரெண்டாயிரம் கிடக்கு. ஒண்ணு எடுத்துட்டு ஓடியாறேன்."

"டேய், டேய்!" முதலாளி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கடைக்குப் போய் ஜப்பான்காரன் செஞ்சதா வாங்கிட்டு வா. நம்மளது விக்கிறதுக்குடா. இதுக்கடியில ஆளு கை போகுது!"