பட்டினி கிடந்த பதினோரு லேப்டாப்

ஆம்பூர்,
14.11.2009

அன்புள்ள தம்பி ஜோவினுக்கு, அக்கா இன்பம் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கு எல்லோரும் நலம், நீ கொடுத்த லேப்டாப் தவிர.

இன்று காலை எழுந்ததும் பல்கூடத் துலக்காமல், அதில் சார்ஜ் முழுவதும் தீர்ந்துவிட்டதா என்றுதான் பார்த்தேன். தீர்ந்திருந்தது. காரணத்துக்கு வருகிறேன். விண்டோஸுக்குப் பதில் நீ போட்டுக் கொடுத்த லினக்ஸ் ஒரு வாரமாகத் திறக்கவில்லை; கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, அப்படியே நின்றுவிடுகிறது. "நாளைக்குள்ள சரியாவலன்னா கடைல குடுத்து, எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுடுவேன். லினக்ஸாம் லினக்ஸ்!" என்று உன் மாமா ரிச்சர்ட் சொல்லிவிட்டார். அந்த எல்லாவற்றுக்குள்ளும் நான் எழுதிய அறுபத்து மூன்று பக்கக் கதை ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அதைக் காப்பாற்றத்தான் இன்று நம் சபை மண்டபத்தில் நடந்த லினக்ஸ் உதவி முகாமுக்குப் போனேன். சரிசெய்கிறவர்கள் கல்லூரி ஆட்கள், பெயர்ப் பதிவு மட்டும் ஃபீபி சிஸ்டர். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தவர் அல்லவா, முகாம் என்றதும் எல்லோருக்கும் போன் போட்டு, "வெறும் வயித்தோட கொண்டாங்க, முந்தின நாள்லேர்ந்து சார்ஜ் போடக் கூடாது" என்று சொல்லியிருந்தார். நாங்களும் கீழ்ப்படிந்தோம். பதினோரு லேப்டாப், பதினொன்றும் பட்டினி, மண்டபத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக், பத்து மணிக்குக் கரண்டும் போய்விட்டது. சிஸ்டர் அசரவில்லை. டோக்கன் கொடுத்து, "எத்தினி நாளா இருக்கு? வீட்ல வேற யாருக்காவது இருக்கா?" என்று எழுதிக்கொண்டே வந்தார். தோல் கம்பெனி கிளார்க் பச்சையப்பன், "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர், பொட்டிக்குத்தான்" என்று சொல்லிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் சொல்லு" என்றார் சிஸ்டர்.

பன்னிரண்டுக்குக் கரண்ட் வந்து, என் முறை வருவதற்குள் இரண்டாகிவிட்டது. கல்லூரி ஆசிரியை ஜஹீதா ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "லினக்ஸ் மேல தப்பில்லக்கா. உள்ள எடமே இல்ல, பாட்டு வீடியோ ரொம்ப ஜாஸ்தி. யார்க்கா இது பாடறது?" என்றாள். வேறு யார்? பாடகர் குழு ஒத்திகையில் தான் பாடுவதை மட்டும் உன் மாமா வாராவாரம் படம் எடுத்து, இதில்தான் ஏற்றி வைக்கிறார். சிஸ்டர் எட்டிப் பார்த்து, "கட்டி. எடுத்துட வேண்டியதுதான். போய் வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கினு வா" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இருபது வருடமாக அவர் பாட்டைப் பற்றி வாய் திறக்காதவள், இன்று எப்படித் திறப்பேன்? போனில் சொன்னால் அவர் காதில் விழும். அதனால் மாலை வேலூருக்கு டூட்டிக்குப் போகும் பக்கத்து வீட்டு ஜெமியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வந்து, கொடுத்த லேப்டாப்பை நீயே எடுத்துக்கொண்டு போய்விடு.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தங்களும். ஆண்டவர் உங்களைச் சுகமாய் வைத்திருக்கட்டும்.

அன்பு அக்கா,
இன்பம்

பி.கு.: நீ வர வேண்டாம். உன் மாமா இப்போதுதான் கேமராவை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பினார். அந்த வீடியோக்களை அழிக்கிற வழியை ஜஹீதா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். யார் கையெழுத்தும் கேட்கப் போவதில்லை, உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவுமில்லை. ஒன்றை மட்டும் விட்டுவைப்பேன். அதில் அவர் சுதி தப்புகிற இடத்தில், பின்னால் நான் சிரிப்பது கேட்கும்.