நாற்பதாவது அம்பு

வாழிய அந்த வலக்கை ஆள்காட்டி விரல். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் செக்கிங் மேஜை என்னும் அரியணையில் பன்னிரண்டு ஆண்டுகள் வீற்றிருந்து, நாளொன்றுக்கு அறுநூறு சட்டைகளைத் தடவி, கோணிய தையலையும் தாவிய ஊசியையும் தொங்கும் நூலையும் அவை ஒளிந்திருக்கும் இடத்திலேயே வளைத்துப் பிடித்து, தலைக்கு ஒன்றாக நகத்தளவுச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவளிடமே திருப்பி அனுப்பிவைக்கும் அவ்விரலைப் போற்றாமல் இக்கதையைத் தொடங்குவது முறையாகாது. மலைகளைப் பாட வேறு ஆளுண்டு. கடலைப் பாட வரிசையில் நிற்கிறார்கள். நாம் விரலைப் பாடுவோம்.

விரலுக்குரியவளை எல்லோரும் அம்புக்காரி என்றே அழைத்தார்கள், அவள் காதில் விழாத தூரத்தில். பத்தடி தள்ளி நடந்துபோகிறவரின் கைமடிப்பு அரை விரற்கடை ஏறியிருந்தாலும் அவள் கண் அங்கே போய் நின்றுவிடும். மணமான புதிதில் வீட்டுக்காரர் புதுச்சட்டையணிந்து எதிரே வந்து நிற்க, மணமகள் நாணித் தலைகுனிந்து, குனிந்த வாக்கில் சட்டையின் கீழ்மடிப்புக் கோணலைக் கண்டுபிடித்தாள். பிழையில்லாத சட்டை கைக்கு வந்தால் எதுவும் சொல்லாமல் இடப்பக்கக் குவியலில் போடுவாள். ஒன்றும் சொல்லாமல் விடுவதைக் காட்டிலும் பெரிய மரியாதை வேறென்ன என்பது அவள் கட்சி. இடைஞ்சல் என்னவென்றால், இந்த மொழியை உலகத்தில் அவள் ஒருத்திதான் பேசினாள். "நல்லா இருக்கு" என்னும் இரு சொற்கள் அவள் வாயிலிருந்து வரக் கேட்டவர் மண்ணில் எவருமிலர்.

அவளை எதிர்த்துப் படை திரட்டியவள் அவளுடைய நாத்தனார். வீட்டுக்காரரின் ஒரே தங்கை, அதே வீட்டில் வசிப்பவள், அதே தொழிற்சாலையில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து காலர் தைப்பவள், ஆகவே காலர்க்காரி. நான்கு ஆண்டுகளாக அவள் தைத்த காலர்கள் அண்ணியின் மேஜையைக் கடந்துதான் உலகைக் கண்டன. ஊரார் பிழைக்கு ஓர் அம்பு என்றால் வீட்டாள் பிழைக்கு ஒன்றரை அம்பு. நாத்தனார் என்று பார்த்து விட்டுவிட்டாள் என நாலு பேர் பேசிவிடக் கூடாதே. காலர்க்காரிக்கு அம்புகள் வலிக்கவில்லை. அம்பு விழாத நாட்கள்தான் வலித்தன. அன்றைக்காவது ஒரு சொல் வரும் என்று மாலை வரை காத்திருந்து, வீடு திரும்பும் பஸ்ஸில் அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்து, ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டு வருவாள்.

இப்படியிருக்கையில், ஞாயிறு மாலைகளில் இரண்டு எபிசோடு வீதம் பதினாறு எபிசோடுகள், தமிழ் பேசும் கொரியக் காதல் தொடரொன்று அவ்வீட்டு டிவிக்கு எழுந்தருளியது. ஹோட்டல் அதிபரின் மகன் ஒருவன். தெருமுனையில் சலவைக் கடை நடத்தும் பெண் ஒருத்தி. இடையில் மகனின் தாய். காலர்க்காரிக்கு முதல் பத்து நிமிடத்திலேயே தொடர் உயிராகிவிட்டது. அண்ணியோ பதினோராவது நிமிடத்தில், உதடு ஒன்றைச் சொல்ல குரல் வேறொன்றைச் சொல்வதைக் காட்டி, கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து, டிவியின் கறுப்பு விளிம்பில் முதல் அம்பை நாட்டினாள். காலர்க்காரி எழுந்து வந்து அதைப் பிய்த்தாள். அது தைத்தவர்கள் தப்பில்லை, தமிழ்க் குரல் போட்டவர்கள் பேக்கிங்கில் செய்த தப்பு என்றாள். நியாயம் நியாயம்தான் என்பதால் அம்புக்காரி வாய் மூடினாள். அப்போதுதான் சபை நடுவே அந்த அறைகூவல் எழுந்தது.

"அண்ணி, நாப்பது அம்பு தரேன். பதினாறு எபிசோடு முடியறதுக்குள்ள நாப்பதும் ஒட்டிட்டீங்கன்னா தொடர் ரிஜெக்ட். அப்புறம் ஞாயித்துக்கிழமை டிவி உங்களுக்கு, நான் பக்கத்துலயே வரமாட்டேன். ஒட்ட முடியலைன்னா, நல்லா இருக்குன்னு நீங்க வாயத் தொறந்து சொல்லணும். சுவத்தப் பாத்து இல்ல. என் முகத்தப் பாத்து."

சொல்லப்போவது தொடரைப் பற்றித்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் அந்த வாயிலிருந்து புறப்படும்போது தன் முகத்துக்கு நேரே வரட்டும் என்றிருந்தது. இரவல் நகையைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை கண்ணாடி பார்ப்பதில்லையா, அதைப் போல.

போர் மூண்டது. அதை முழுக்க விவரிக்க ஆயிரம் நாக்கு வேண்டும். இருக்கும் ஒன்றை வைத்து ஒப்பேற்றுவோம். நாயகன் பேச வேண்டியதைப் பேசாமல் நாயகியின் மணிக்கட்டைப் பற்றித் தரதரவென்று இழுத்துச் செல்லும்தோறும் ஓர் அம்பு பாய்ந்தது. அவன் ஒரே எபிசோடில் மூன்று முறை இழுத்தான். பத்து நிமிட மழைக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தது, அம்பு. நாயகி வழுக்கி விழ, அவன் தாங்க, அதை முன்னிருந்தும் பின்னிருந்தும் கூரையிலிருந்தும் காட்ட, ஒரு தடவை விழுந்தவளை எத்தனை தடவை பிடிப்பான் என்ற முழக்கத்தோடு அடுத்த அம்பு. குடை பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்பதைத் தவிர வேறு பிழைப்பில்லாத இரண்டாம் நாயகனுக்கு இரண்டு. விபத்தில் தலையில் அடிபட்டு, காரோட்டவும் டை கட்டவும் ஹோட்டலை நடத்தவும் நினைவிருந்து, காதலியை மட்டும் சுத்தமாக மறந்துபோனானே, அந்த மறதிக்கு மட்டும் நான்கு. சலவைக் கடைப் பெண்ணுக்கு இத்தனை மேல்கோட்டு எங்கிருந்து வந்தன என்று அம்புக்காரி எண்ணியதில் பதினாலாவது கோட்டில் மூச்சு வாங்கியது. அந்தப் பதினாலாவதில்கூட, அவள் பேசும்போது மேல் பொத்தான் போட்டிருந்தது, அவன் பதில் சொல்லும்போது கழன்றிருந்தது, அவள் அழும்போது மறுபடி போட்டிருந்தது. காதலர்களின் கண்ணீரை வீடே பார்த்துக்கொண்டிருக்க, பொத்தானைப் பார்த்த ஒரே ஜீவன் அவள்தான்.

வீட்டுக்காரர் இந்தப் போரில் நடுநிலை நாடு. நாயகனுக்கு மீசையே இல்லையே என்று முதல் வாரத்தில் வருத்தம் தெரிவித்து, இரு தரப்பிலும் அடிவாங்கி, செய்தித்தாளுக்குப் பின்னால் அடைக்கலம் புகுந்தவர், எட்டு வாரமும் வெளியே வரவில்லை.

காலர்க்காரியின் கேடயமும் லேசுப்பட்டதில்லை. இந்தத் தொடரில் யாரும் காது கிழியக் கத்துவதில்லை என்றாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தவன் பதினோராம் எபிசோடில் கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, வருகிறாயா என்று கேட்டதைச் சுட்டிக்காட்டி, திருந்தியவனுக்குப் பழைய அம்பைக் கழற்ற வேண்டும் என்று வாதாடினாள். ஒட்டியது ஒட்டியதுதான் என்று தீர்ப்பாயிற்று. சலவைக் கடையில் இஸ்திரி போடும் காட்சி வந்தபோது அம்புக்காரி நாற்காலியின் நுனிக்கு வந்து விரலை ஓங்கினாள். அந்தப் பெண் காலரை முனையில் தொடங்கி நடுவை நோக்கித் தேய்த்தாள். முறைப்படிதான். ஓங்கிய விரல் மடிக்குத் திரும்பியது. காலர்க்காரி அண்ணியைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள், அவ்வளவே. அதில் ஒரு தாரை தப்பட்டையே முழங்கியது.

ஒன்பதாம் எபிசோடில் மட்டும் ஒரு விந்தை நேர்ந்தது. மகனைப் பிரித்துவைத்து, பெண்ணை வாசலோடு திருப்பியனுப்பிய அந்தக் கொடுமைக்காரத் தாய், பன்னிரண்டு பேர் உட்காரும் மேஜையில் தனியாகச் சாப்பிட்டாள். நான்கு நிமிடம். பாட்டில்லை, அழுகையில்லை. கரண்டியைத் தட்டுக்கு நேர்கோடாக வைத்தாள், கொஞ்சம் கோணியிருந்தது போலும், மறுபடி நேராக்கினாள், அப்புறம் சாப்பிட்டாள். வேறெந்தத் தொடர் ஒருத்தி சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கும்? அம்புக்காரியின் விரல்நுனியில் ஒட்டத் தயாராயிருந்த ஸ்டிக்கர் அங்கேயே இருந்து, கடைசியில் தாளுக்கே திரும்பியது. தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் உட்காரும் மேஜையிலும் நாலு நாற்காலிகள் உண்டு. குறை சொல்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்தால் சோறு இறங்குமா. எல்லோரும் அவரவர் வரிசைக்காரர்களோடு உட்கார்ந்தார்கள், நாத்தனார் உட்பட. இதை அவள் ஒரு குறையாக நினைத்ததில்லை. நினைத்ததில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அன்று தாளில் அம்பு குறையவில்லை. காலர்க்காரி அதைத் தன் தரப்பின் வெற்றியாகக் கொண்டு உள்ளூரக் கொண்டாடினாள்.

இறுதி ஞாயிறு புலர்ந்தது. விளிம்பில் முப்பத்தேழு அம்புகள் செந்நிற முட்புதர் போல மண்டிக் கிடந்தன. பதினைந்தாம் எபிசோடில், சிறுவயதில் ஒரே குளத்தில் விழுந்து ஒருவரையொருவர் காப்பாற்றிய குழந்தைகள் இவர்களேதாம் என்று தெரியவர, முப்பத்தெட்டு. கடைசி எபிசோடில், சிக்கலெல்லாம் தானாக அவிழ்வதற்கு வசதியாக "ஓராண்டுக்குப் பின்" என்று எழுத்துப் போட்டார்கள், முப்பத்தொன்பது. எஞ்சியது ஒன்று. அதைத் தாளிலிருந்து உரித்து ஆள்காட்டி விரலில் ஏந்தி, இரையின் நிழலைப் பார்த்துவிட்ட பருந்தாக அம்புக்காரி காத்திருந்தாள். காலர்க்காரி சோபாத் தலையணையைக் கட்டிக்கொண்டாள். இன்னும் பன்னிரண்டு நிமிடம் பிழையில்லாமல் ஓடிவிட்டால் போதும். செய்தித்தாள்கூட இரண்டு விரற்கடை தாழ்ந்தது.

சலவைக் கடைக்கு அந்தத் தாய் வந்தாள். போன வாரம் கொடுத்த தன் கோட்டை வாங்க. அந்தப் பெண் கோட்டை எடுத்து நீட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முகத்தையே பார்த்து நின்றாள். தாய் கோட்டைத் திருப்பினாள். உள்தையலைப் பார்த்தாள். காலரின் ஒரு முனையை விரலால் தடவினாள், மறு முனையைத் தடவினாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அடுத்த காட்சியில், அடுத்த வாரம், கடைக் கதவு திறந்தது. இரண்டு கோட்டுகளோடு அவளேதான் நின்றாள். அத்தோடு பனி பெய்தது, பாட்டு வந்தது, பெயர்கள் ஓடத் தொடங்கின.

அம்பு விரலிலேயே இருந்தது. அம்புக்காரி திரையைப் பார்த்தபடி இருந்தாள். போர் முடிந்தது, காலர்க்காரி வென்றாள், இனி அந்த இரு சொற்களே பாக்கி என்று எழுதிவிட்டு நாம் எழுந்திருக்கலாம். ஆனால் வென்றவள்தான் தலையணையை வீசிவிட்டு எழுந்து நின்றாள்.

"ஒட்டுங்க அண்ணி. இது தப்புதான். பதினாறு எபிசோடா அந்தப் பொண்ணு நிக்குது. ஒரு வார்த்த சொன்னா அந்தம்மாவுக்கு வாய் தேஞ்சா போயிடும்?"

அம்புக்காரி தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பிழைக்குப் பரிந்து பேசினாள். "அதான் திரும்ப வந்துட்டாங்கல்ல. பிடிக்கலைன்னா வேற கடைக்குப் போயிருப்பாங்க."

"வந்தா? அவளுக்கு எப்படித் தெரியும், பிடிச்சு வந்தாங்களா, வேற கடை இல்லாம வந்தாங்களான்னு? மனசுலயே பூட்டி வெச்சுக்கறதுக்கு அது என்ன நகையா?"

குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. செய்தித்தாள் இருந்த உயரத்துக்கே திரும்பிப் போயிற்று. காலர்க்காரி அண்ணியின் விரலைப் பிடித்து, நுனியிலிருந்த அம்பைத் தன் நகத்தால் எடுத்து, விளிம்பில் இடமில்லாததால் திரையின் நடுவிலேயே ஒட்டினாள். தன் கொடியைத் தானே சாய்த்த தளபதி இதற்குமுன் இருந்தாளா தெரியவில்லை. நாற்பது. தொடர் ரிஜெக்ட். ஒப்பந்தப்படி அம்புக்காரி எவர் முகத்தையும் பார்த்து எதையும் சொல்ல வேண்டியதில்லை.

வாகை சூடியவள் வழக்கமாக எழுந்து நிற்பாள். இவள் உட்கார்ந்தே இருந்தாள். பன்னிரண்டு ஆண்டுகளாக இடப்பக்கக் குவியலில் போட்ட அத்தனை சட்டைகளும் நினைவுக்கு வந்தன. அவற்றில் எத்தனையைப் பார்த்து உள்ளே ஒரு நொடி நின்றிருக்கிறாள், எப்படித் தைத்திருக்கிறாள் பாவி என்று. அந்த நொடிகளெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதாகத்தான் இத்தனை காலமும் நம்பியிருந்தாள். சேரவில்லை. அனுப்பியவளுக்கே இப்போதுதான் தெரிகிறது. பிறகு தொடங்கியது மெய்யான போர்: அறுநூறு சட்டைக்கு அசராதவள், துருப்பிடித்த கோட்டைக் கதவைத் தனியாளாகத் தள்ளுகிறவளைப்போல் தொண்டையோடு மல்லுக்கட்டினாள். ஒருமுறை இருமினாள். ஒருமுறை மின்விசிறியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். சுவர் கூடாது என்பது நினைவுக்கு வர, நாத்தனாரின் முகத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"வியாழக்கிழம நீலச் சட்ட ஒண்ணு வந்துச்சு."

எந்த நீலம் என்று காலர்க்காரி கேட்டாள்.

"உன் காலர். ரெண்டு முனையும் அச்சுல வார்த்த மாதிரி. கையில வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன்." அடுத்ததற்கு மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது. "நல்லா இருந்துச்சு."

காலர்க்காரி வீசிய தலையணையை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள். "அத ரெண்டு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பினீங்களே."

"உள்ளப் பக்கம் நூல் தொங்குச்சு."

காலர்க்காரி இரண்டு பதிலையும் தனித்தனியாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்த்து, முதலாவதை வைத்துக்கொண்டாள்.

பால் தீர்ந்துபோயிருந்ததால் மூன்று பேரும் கடுங்காப்பி குடித்தார்கள்.