ஓட்டத்துக்குக் கேட்ட சாதகம்

இணுவில்,
4.7.1974

அன்புள்ள தம்பி பஞ்சலிங்கத்துக்கு,

அண்ணன் மார்க்கண்டு எழுதுவது. கந்தசுவாமியார் தயவில் இங்கே எல்லோரும் நலம். உன் நலமும் அப்படியே இருக்கவேண்டும், முக்கியமாக இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த பிறகு. உன் அண்ணி கமலாவதி உன் சளி எப்படி என்று கேட்கிறாள். நீ லீவு எடுத்து ஊருக்கு வரப்போவதாக எழுதியிருந்தாய். வராதே. நான் சொல்லும்வரை ரெயில் ஏறாதே. காரணத்தைச் சொல்கிறேன், கோபப்படாமல் வாசி.

சங்கக்கடை மனேச்சர் வேலையோடு நான் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்குச் செயலாளராகவும் இருப்பது உனக்குத் தெரியும். இந்த மாத் தட்டுப்பாட்டில், பேக்கரியிலிருந்து பாண் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டால் ஊரே என் கடைக்கு ஓடிவரும். பங்குனி மாதத்தில் ஒருநாள் செல்வநாயகம் அண்ணையின் மகள் மகாதேவி, பதினெட்டு வயதுப் பிள்ளை, ஒழுங்கைக் கடைசியிலிருந்து பங்கீட்டுக் கூப்பன் புத்தகமும் கையுமாக இரண்டு சைக்கிள்களை முந்திக்கொண்டு வந்து முதல் ஆளாக நின்றாள். மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீற்றர் ஓட இவள்தான் ஆள் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். திறமையைக் கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டும், அது எனக்கு இருக்கிறது என்று கழகக் கூட்டத்தில் மார்தட்டினேன். தலைவர் ஆழ்வாப்பிள்ளை, "கண் மட்டும் காணாது மனேச்சர். போன வரியம் நீங்கள் கண்டுபிடிச்ச பெடியன் பாதியிலை மயங்கி விழுந்தவன். இந்த முறை சாதகத்திலை செவ்வாய் எப்பிடி இருக்கெண்டு பாத்திட்டுச் சேருங்கோ" என்றார். எல்லோரும் ஓம் என்றார்கள். நானும் ஓம் என்றேன்.

இங்கேதான் உன் அண்ணனுக்கு மூளை மங்கியது. நேரே செல்வநாயகம் அண்ணையிடம் போய், "பிள்ளையின்ரை சாதகக் குறிப்பை ஒருக்காத் தாங்கோ, பாத்திட்டுத் தாறன்" என்று கேட்டேன். கலியாணம் ஆகாத தம்பியை வைத்திருக்கிற ஒருவன் குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் சாதகம் கேட்டால் என்ன அர்த்தம் என்று பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. என் தலைக்குள் எண்ணூறு மீற்றர் மட்டும்தான் இருந்தது. மூக்குப்பேணியில் கோப்பி வந்தது, பயித்தம்பணியாரம் வந்தது. "தம்பி கொழும்பிலை சுகமோ? குடிவெறி ஒண்டும் இல்லைத்தானே?" என்று அண்ணை கேட்டார். "சோடா மட்டுந்தான்" என்றேன். அடுத்த நாள் பாண் வரிசையில் நின்ற சனமெல்லாம் எனக்குக் கைகொடுத்தபோதுதான் விசயம் விளங்கியது.

உடனே கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். "அண்ணை, நான் கேட்டது ஓட்டத்துக்கு…" என்று தொடங்க, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேள்விப்பட்டனான். குமர்ப்பிள்ளை வெய்யிலிலை ஓடுறதோ எண்டு மறிக்கத்தான் இருந்தனான். ஆனால் சம்பந்தியாகப் போற நீங்களே கேட்டால் மாட்டன் எண்ணலாமோ? ஓடட்டும். போட்டி முடிய ஆவணியிலை கலியாணத்தை வைப்பம்" என்றார். உண்மையைச் சொல்லத் திறந்த என் வாய், "நல்லது அண்ணை" என்று சொல்லி மூடிக்கொண்டது. தம்பி, என்னைத் திட்டு, ஆனால் இன்னும் வாசி.

சாத்திரியாரோ சாதகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளை இருந்த இடத்தை விட்டு அசையாது" என்று அடித்துச் சொன்னார். மைதானத்தில் ஓடவிட்டேன். முதல் சுற்று பறந்தாள். இரண்டாம் சுற்றின் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். நான் கண்டுபிடித்தது என் கடைவாசலோடு முடிகிற ஓட்டம். அதற்குப் பிறகுதான் எனக்கு வீறாப்பு வந்தது. மூன்று மாதம், ஒரு காலை தவறாமல், அவள் முன்னால் ஓட நான் சைக்கிளில் பின்னால். சைக்கிள் செயின் கழன்று மூன்று தரம் புகையிலைத் தோட்டத்துக்குள் விழுந்தேன். ஒவ்வொரு தரமும் அவள் திரும்பி வந்து என்னைத் தூக்கிவிட்டுப் பிறகும் ஓடினாள். இப்போது இரண்டு சுற்றையும் நிற்காமல் ஓடுகிறாள். கண்டுபிடிப்பது ஒரு நிமிட வேலை தம்பி, மிச்சமெல்லாம் வளர்ப்பதுதான்.

நேற்று பயிற்சி முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவள், "மாமா, சனிக்கிழமை ஓடி முடிய என்னைக் கட்டிக் குடுத்திடுவினம். அப்ப நான் இவ்வளவு நாளும் பழகினது என்னத்துக்கு?" என்று கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாளை மறுநாள் போட்டி. அது முடிந்த கையோடு செல்வநாயகம் அண்ணையிடம் போய், என் தம்பிக்குப் பெண் கேட்டு நான் வரவில்லை, பிள்ளையைத் தொடர்ந்து ஓட விடுங்கள் என்று சொல்லத்தான் போகிறேன். அவர் செருப்பைக் கழற்றினாலும் சொல்வேன்.

வேறு விசேடம் இல்லை. சுடுதண்ணீர் குடி. அண்ணியின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
வ. மார்க்கண்டு

பிற்குறிப்பு: இன்று ஞாயிற்றுக்கிழமை. கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். நேற்று மகாதேவி ஓடினாள். எட்டுப் பேரில் ஐந்தாவது. இன்று காலை கமலாவதியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, உண்மையைச் சொல்லச் செல்வநாயகம் அண்ணை வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்க முதல் அவர், "மனேச்சர், குறை நினையாதேங்கோ. கடைசிச் சுத்திலை அவள் மூண்டு பேரை முந்தினதை என்ரை கண்ணாலை கண்டனான். ஐஞ்சாவதா வந்ததை முதலாவதா வரப் பண்ண இன்னும் மூண்டு வரியம் வேணும். இப்ப கட்டிக் குடுத்தால் எல்லாம் வீண். உங்கடை தம்பிக்கு வேறை இடம் பாருங்கோ" என்றார். கதவோரம் நின்ற மகாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோசம்தான், ஒரு நிமிடம். பிறகு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்! "என்ரை தம்பியிலை என்ன குறை கண்டனீங்கள்? கவுண்மேந்து உத்தியோகம், சோடா மட்டுந்தான் குடிக்கிறவன்" என்று அரை மணிநேரம் உனக்காக வாதாடினேன். கமலாவதிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வழி முழுக்க அவள் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டாமென்று சொல்லப்பட்டவன் என் தம்பி அல்லவா.