பதினைந்தாம் பனிநாள்

இந்தக் குளிர்காலத்தில் எப்படியாவது கோப்பையை வாங்கிவிடுவது என்று டிசம்பர் முதல் தேதி சபதம் செய்தேன். சமையலறை நடுவில், கையில் அளவுகோலோடு, நின்றபடி செய்தேன். என் மனைவி லாரெய்ன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தோலைக் கொண்டுபோய்க் குப்பையில போட்டுட்டு வந்து சபதம் பண்ணு, க்ளைவ்" என்றாள்.

போட்டுவிட்டு வந்து செய்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சொல்ல ஆரம்பித்ததுமே காது சுடுகிறது. ஊரெல்லாம் தெரிந்த கதைதான் என்றாலும், என் வாயால் சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை.

எங்கள் ரேவன்கில்லில் வானிலைப் பித்துப் பிடித்தவர்கள் பதினொரு பேர் இருக்கிறோம். மாதம் ஒரு முறை பப்பின் பின்னறையில் கூடுவோம். மற்ற ஆண்கள் முன்னறையில் கால்பந்து பார்த்துக் கத்துவார்கள். நாங்கள் பின்னறையில் காற்றழுத்தப் படம் பார்த்துக் கத்துவோம். ரஷ்யாப் பக்கமிருந்து குளிர்காற்று கிளம்பிவிட்டது என்று யாராவது சொன்னால் போதும், பெண் பார்க்க வரும் செய்தி கேட்ட வீடு மாதிரி ஆகிவிடுவோம். முக்கால்வாசி அந்தக் காற்று டென்மார்க்கோடு திரும்பிப் போய்விடும். நாங்கள் ஆளுக்கு ஒரு பியர் குடித்துவிட்டுத் துக்கம் விசாரித்துக்கொண்டு கலைவோம்.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. காலை சரியாக ஒன்பது மணிக்கு, வீட்டுப் புல்தரையில் பாதிக்கு மேல் பனி மூடியிருந்தால் அது ஒரு பனிநாள். எட்டே முக்காலுக்கு இடுப்பளவு கிடந்து ஒன்பதுக்குள் உருகிப்போனால் செல்லாது. டிசம்பர் முதல் பிப்ரவரி கடைசி வரை யார் வீட்டில் பனிநாள் அதிகமோ அவருக்குக் கோப்பை. சமமாக வந்தால், போன வருடம் வைத்திருந்தவரே வைத்துக்கொள்வார். ஒன்பது மணிக்குப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். சாட்சி, பரிசோதனை எதுவும் கிடையாது. இருபத்தாறு வருடத்தில் ஒருவர்கூடப் பொய் அளவு கொடுத்ததில்லை. நான் கொடுக்கும் வரை.

கோப்பை ஆறு வருடமாக நெவில் ஹெஸ்கெத் வீட்டில் இருந்தது. நல்ல மனிதர். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயம். அவர் செய்த ஒரே சாதனை, என் வீட்டைவிட நாற்பது மீட்டர் உயரத்தில் வீடு வாங்கியது. எனக்கு மழையாக விழுவது அவருக்குப் பனியாக விழும். நான் வாழ்க்கையில் எதற்கும் பரிசு வாங்கியதில்லை. பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டத்தில்கூடச் சாக்கு கிழிந்துவிட்டது.

ஆனால் இந்த வருடம் கடவுள் கண் திறந்தார். ஜனவரியில் ஒரு மேகம் வழி தவறி எங்கள் தெருவில் மட்டும் கொட்டிவிட்டுப் போனது. பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் பெரிய குளிர் வந்து பத்து நாள் உட்கார்ந்தது. கடைசி நாளுக்கு முந்தைய நாள் கணக்குப்படி நான் பதினான்கு, நெவில் பதின்மூன்று.

பத்து நாள் பனியில் எங்கள் வீட்டில் ஒரு தகராறும் நடந்துகொண்டிருந்தது. கேட்டிலிருந்து வாசல்வரை வரும் கார்ப்பாதை. வடக்குப் பக்கம், வெயில் எட்டிப் பார்க்காது, சரிவு வேறு. அதில் பனி இறுகிக் கிடந்தது.

"க்ளைவ், பாதையைச் சுத்தம் பண்ணு."

"முதுகு பிடிச்சிருக்கு."

"முதுகு பிடிச்ச ஆளு புல்தரையில ஒரு நாளைக்கு நாலு தரம் குனிஞ்சு அளக்கறே?"

"அது குனியறது. இது நிமிர்றது. நிமிரும்போதுதான் வலி."

"ஞாயித்துக்கிழமை எங்கம்மா வர்றாங்க. எண்பத்து நாலு வயசு. இடுப்பு எலும்பு மாத்தி நாலு மாசம்தான் ஆகுது."

"அதுக்குள்ள உருகிடும். காற்றழுத்தம் இறங்குது."

காற்றழுத்தம் இறங்கவில்லை. லாரெய்ன்தான் இறங்கினாள். நான்காம் நாள் பால் வாங்கப் போனவள் அந்தச் சரிவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். சத்தம் கேட்டு ஓடினேன். கைகொடுத்துத் தூக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தூக்கிவிட்ட பிறகு, அவள் விழுந்த பள்ளத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பதினொரு சென்டிமீட்டர். குழுவுக்கு அனுப்பினேன். எட்டுப் பேர் பாராட்டினார்கள்.

லாரெய்ன் அன்றைக்குக் கையில் கட்டோடு எனக்குப் பாலில்லாத டீ போட்டுக் கொடுத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, விடிந்தது. முந்தைய சாயங்காலம் தூறல் போட்டிருந்தது. ஏழே காலுக்குப் பின்பக்கக் கதவைத் திறந்தேன். என் புல்தரை பச்சையாக இருந்தது. அங்கங்கே வெள்ளைத் திட்டு, தேமல் மாதிரி. எப்படிக் கூட்டினாலும் கால்பங்கு தேறாது.

நெவில் வீட்டில் நிச்சயம் வெள்ளையாகக் கிடக்கும். நாற்பது மீட்டர்! அவருக்குப் பதினான்கு ஆகிவிடும். எனக்கும் பதினான்கு. சமம் என்றால் கோப்பை அவருக்கு. இரவு உடையோடு புல்தரை நடுவில் நின்றேன். அழுகை வந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும்.

உள்ளே போன் அடித்தது. லாரெய்ன் எடுத்துப் பேசினாள். பிறகு டீக் கோப்பையோடு கதவருகே வந்தாள்.

"யாரு போன்ல?" என்றேன்.

"அம்மா பதினொரு மணிக்கு வந்துடுவாங்க, கண்ணு."

லாரெய்ன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டில் அமைதி என்று அர்த்தம். 'கண்ணு' என்றால் எங்கோ குழி வெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். முப்பத்தோரு வருட அனுபவம் அன்றைக்குக் கைகொடுக்கவில்லை.

"போச்சு லாரெய்ன். எல்லாம் போச்சு."

"அடப் பாவமே" என்றாள். டீயை ஒரு வாய் குடித்தாள். "முன்னாடி கார்ப்பாதையில மட்டும் எவ்வளவு பனி, பார்த்தியா? வீணா கிடக்கு."

நான் நிமிர்ந்தேன். வலிக்கவில்லை.

ஒரு யோசனை உதித்தது. அது என்னுடைய யோசனை என்றே ரொம்ப நேரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

"லாரெய்ன், அந்தப் பனியை எடுத்து இங்கே போட்டா?"

"ஐயோ, அது தப்பில்லையா?"

"பனி நம்ம பனிதானே? நம்ம வீட்டுல விழுந்ததுதானே? ஒரு அறையிலேர்ந்து இன்னொரு அறைக்கு நாற்காலியை மாத்தறோம். அவ்வளவுதான்."

"நீ படிச்சவன், உனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு மண்வாரியை எடுத்துக் கொடுத்தாள். ஒற்றைச் சக்கர வண்டியும் கொட்டகைக்கு வெளியே தயாராக நின்றது. அது ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்க எனக்கு நேரமில்லை.

வாரினேன். தள்ளினேன். கொட்டினேன். மறுபடி ஓடினேன். எட்டாவது நடையில் பக்கத்து வீட்டு சக்டன் மதில் மேல் தலையை நீட்டினார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அடுத்தவன் வேலை செய்தால் உட்கார்ந்து பார்ப்பார்.

"என்ன க்ளைவ், பனியை எங்க ஓட்டிட்டுப் போறீங்க?"

"பின்பக்கம்."

"இங்க அதுக்கு வசதிப்படலையா?"

"வெயில்ல போட்டாச் சீக்கிரம் உருகும்னு."

"ஓஹோ. அதான் வண்டியிலேர்ந்து எடுத்துக் கையால தடவி மட்டம் பண்றீங்களா? ஜன்னல் வழியா பார்த்தேன். கேக்குக்குக் கிரீம் பூசற மாதிரி இருந்துச்சு."

வண்டியைத் தள்ளினேன்.

எட்டரைக்குப் பாதி வாரிவிட்டேன். போதும் என்று நின்றேன். லாரெய்ன் ஜன்னலைத் திறந்தாள்.

"கண்ணு, பாதி எடுத்துட்டுப் பாதியை விட்டா, பார்க்கறவங்களுக்குச் சந்தேகம் வராதா? ஏதோ அள்ளின மாதிரி தெரியுமே. முழுசா எடுத்துட்டா, சாதாரணமா சுத்தம் பண்ணினதுன்னு நினைச்சுப்பாங்க."

என்ன புத்திசாலி என்று மனதுக்குள் பாராட்டினேன். முழுசாக எடுத்தேன். ஓரங்களைச் சுரண்டினேன். வாசற்படியையும் விடவில்லை. அவள் சொல்லி, மறுபடி உறையாமலிருக்க உப்பும் தூவினேன்.

எட்டு ஐம்பத்தைந்துக்கு என் புல்தரை முக்கால்பங்கு வெள்ளை. ஒன்பது அடித்தது. படம் எடுத்தேன். 'பனிநாள் பதினைந்து' என்று எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். கட்டை விரல் ஒரு கணம் தயங்கியது. தயங்கிவிட்டு அழுத்தியது.

ஒன்பது மூன்றுக்கு வாசல் மணி அடித்தது. நெவில். அக்குளில் ஒரு துணிப்பை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"வாழ்த்துகள் க்ளைவ்! நானே கொண்டுவந்து கொடுக்கணும்னு ஆசைப்பட்டேன்." பையிலிருந்து கோப்பையை எடுத்தார். பளபளவென்று தேய்த்திருந்தார். "ஆறு வருஷம் வெச்சிருந்தது போதும். நேர்மையா ஜெயிச்சீங்க."

"நெவில், உங்க புல்தரை...?"

"மொட்டை! மேட்டுல ராத்திரி அடிச்ச காத்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுச்சு. விடிஞ்சு பார்த்தா ஒரு பொட்டு வெள்ளை இல்ல. ஏழரைக்கே போன் பண்ணிச் சொன்னேனே. பதின்மூணுலயே நின்னுட்டேன், கோப்பை உங்களுக்குத்தான்னு. லாரெய்ன் சொல்லலையா?"

நான் திரும்பிப் பார்த்தேன். லாரெய்ன் ஒரு கையால் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதாவது, நான் ஏற்கெனவே ஜெயித்துவிட்டேன். படுக்கையில் புரண்டுகொண்டிருந்தாலே போதும். பதினான்கே போதும். உண்மையான பதினான்கு.

"சரி, உங்க கடைசி நாள் எப்படி?" என்று கேட்டபடி நெவில் பின்பக்கம் நடந்தார். வானிலைக்காரர்களுக்கு அடுத்தவர் புல்தரையைப் பார்க்காமல் போக முடியாது. தடுக்க முடிந்திருந்தால் தடுத்திருப்பேன்.

அவர் பார்த்தார். என் பதினைந்தாம் பனிநாளில் சரளைக்கல் கிடந்தது. டயர் தடம் பதிந்த கட்டிகள் கிடந்தன. ஒரு பக்கம் கார் எண்ணெய்க் கறை. நெவில் பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்துக் குத்தினார். வெளியே எடுத்தபோது நுனியில், தபால்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போகும் சிவப்பு ரப்பர் பேண்ட் ஒன்று தொங்கியது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"படம் அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன்."

"ஓ" என்றார் நெவில்.

அவ்வளவுதான். அடித்திருக்கலாம். அந்த 'ஓ' இன்னும் என் காதில் இருக்கிறது. ரப்பர் பேண்டை எடுத்து என் கையில் வைத்தார், ஏதோ நான் தொலைத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோல. "கார்ப்பாதை ரொம்பச் சுத்தமா இருக்கு" என்றார். டீ சாப்பிடுங்கள் என்றேன். வேண்டாம் என்றார். எங்கள் ஊரில் ஒரு மனிதர் டீ வேண்டாம் என்று சொன்னால் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கோப்பையை மட்டும் மேசையில் விட்டுவிட்டுப் போனார்.

"லாரெய்ன்! போன்ல அம்மான்னு சொன்னியே!"

"அம்மா பதினொரு மணிக்கு வர்றாங்கன்னு சொன்னேன். அம்மா போன் பண்ணினாங்கன்னு சொன்னேனா?"

"நெவில் சொன்னதை ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா பாதையை யாரு சுத்தம் பண்ணுவா?" கேரட்டை நறுக்குவதை நிறுத்தினாள். "பனியை அள்ளத்தான் வெச்சேன், க்ளைவ். ஒன்பது மணிக்கு முன்னாடி ஜன்னலைத் திறந்து சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீ அனுப்ப மாட்டேன்னு நினைச்சேன். கடைசில மனசு மாறும்னு நினைச்சேன்."

கோப்பையை எடுத்து அலமாரி மேல் வைத்தேன்.

பதினொரு மணிக்கு மாமியார் எட்னா டாக்சியில் வந்து இறங்கினார். இரண்டு கைத்தடியை ஊன்றிக்கொண்டு, ஒரு தடுமாற்றமும் இல்லாமல், சரிவு முழுக்க நடந்து வந்தார்.

"யாரும்மா இவ்வளவு சுத்தமா எடுத்தது?"

"க்ளைவ்தாம்மா. காலையில ஏழரையிலேர்ந்து."

"எனக்காகவா?" எட்னாவின் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கன்னத்தையும் பிடித்து முத்தம் கொடுத்தார். "உன்னைப் பத்தி முப்பது வருஷமா தப்பா நினைச்சுட்டேன்டா."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது. பிளக்கவில்லை. மாட்டிறைச்சி ரோஸ்ட் பரிமாறினார்கள். சாப்பாட்டு மேசைக்கு எதிரே அலமாரி மேல் கோப்பை. அதன் வயிற்றில் என் முகம் அகலமாகத் தெரிந்தது. குழுவில் பத்துப் பேரும் படத்துக்குக் கைதட்டியிருந்தார்கள். நெவிலும். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்.

இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. போனை எடுத்துக் குழுவுக்கு எழுதினேன்: 'இன்றைய என் படம் பொய். கார்ப்பாதைப் பனி. கோப்பைக்கு எனக்குத் தகுதியில்லை.' அனுப்பினேன். எழுந்து கோப்பையைத் துணியில் சுற்றினேன்.

"நெவில் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்."

லாரெய்ன் என் கழுத்துத் துணியைச் சரிசெய்தாள். நல்ல கையால் என் தோளை ஒரு முறை தட்டினாள். பத்து நாளில் முதல் தடவை. தடித்த கையுறையை எடுத்துக் கொடுத்து, "இதைப் போட்டுக்கோ, கண்ணு" என்றாள்.

மனம் இருந்த நிலையில் அந்தக் 'கண்ணு' என் காதில் சரியாக விழவில்லை. மேட்டில் ஏறினேன். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். ஹெஸ்கெத் வீட்டு மணியை அடித்தேன். நெவிலின் மனைவி பாலின் கதவைத் திறந்தாள்.

"பாலின், நான் ஒரு பெரிய தப்பு..."

"தெரியும் க்ளைவ். படிச்சோம். நெவில் கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ள உட்கார்ந்திருக்கார். மன்னிச்சாச்சு, விடுங்க." கோப்பையை வாங்கி உள்ளே வைத்தாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு மண்வாரி இருந்தது. "லாரெய்ன் பத்து மணிக்கே போன் பண்ணிட்டா, சாப்பாட்டுப் பாதியில எழுந்து வருவீங்கன்னு. புல்தரைதான் மொட்டை, பாதையில பனி இறுகிக் கிடக்கு. கேட்லேர்ந்து ஆரம்பிங்க. எங்க பாதை உங்களதைவிட இருபது அடி நீளம்."