ரைட் அண்ணாச்சியும் டிக்கெட் இல்லாத நாற்காலிகளும்

சங்கரன்கோவிலில் எங்கள் தெருக்காரர்கள் சொந்த வீட்டுக்குள் எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடக்கிறார்கள் என்றால், அந்தப் பெருமை முழுக்க ஒரே மனிதரைச் சேரும். அவர் பெயர் என்னவோ. ரேஷன் கார்டில் ஏதாவது எழுதியிருக்கும். எங்களுக்கு அவர் ரைட் அண்ணாச்சி.

முப்பது வருஷம் ராஜபாளையம் ரூட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பையையும் டிக்கெட் கட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். விசிலை மட்டும் கொடுக்கவில்லை, அது அவர் கைக்காசில் வாங்கியது. ஓய்வு பெற்ற மறுநாளே அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் அடைசலை ஒழித்துத் தர ஆரம்பித்துவிட்டார். கூலி கிடையாது. டீ மட்டும், அதுவும் அரைச் சர்க்கரை.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது எழுபதுகளின் கடைசியில், ஒரு வைகாசி மாதம். வந்தார் என்பதைவிட, அம்மா கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள் என்பதே சரி. என் தங்கை கோமதியைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை புளியங்குடியிலிருந்து வருகிறார்கள். அன்று புதன்.

இதில் என்ன அவசரம் என்று கேட்பீர்கள். அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். எதையும் தூரப் போடமாட்டார். “இருக்கட்டும், என்னைக்காச்சும் உதவும்” என்பதுதான் அவர் வாழ்நாளில் அதிகம் சொன்ன வாக்கியம். இருபது வருஷத்து விடைத்தாள்கள், துணி போன பதினோரு குடைகள், நின்றுபோன மூன்று கடிகாரங்கள், மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி எல்லாம் இருந்தன. முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் வாசலோடு திரும்பினார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் எப்படியோ தரையில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். பரணிலிருந்து குடைக்கட்டு சரிந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் மண்டையில் விழுந்தது. கடித்த வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கோமதி அன்று அழவில்லை. “இனி யாரையும் வரச்சொல்லாதிய” என்று மட்டும் சொன்னாள். அதுதான் எங்களை உலுக்கிவிட்டது.

ரைட் அண்ணாச்சி வீட்டை ஒரு சுற்று பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

“அடி சக்க! ஆடித்தவசுக் கூட்டம் மாதிரில்லா இருக்கு! ஒண்ணும் பயப்படாதிய தாயி. ரெண்டே நாளு.”

அவருடைய முறை இதுதான். வீடு ஒரு பஸ் ரூட். பின்கட்டு ராஜபாளையம், அடுக்களை சோழபுரம், நடுக் கூடம் கரிவலம், வாசல் சங்கரன்கோவில். ராஜபாளையத்தில் கிளம்பினால் வழியில் யாரும் இறங்கக் கூடாது.

“வீட்டை ஒதுங்க வைக்கோம்னு ஆரம்பிக்கவன்லாம் ஏன் பாதியில விட்டுருதான் தெரியுமாவே?” என்று என்னைக் கேட்டார். “எங்க நிக்கோம்னு அவனுக்குத் தெரியல. அடுத்த ஸ்டாப்பு எதுன்னு சொல்லிட்டா எவனும் தூங்கமாட்டான்.”

இரண்டு விசில் அடித்தார். “ரைட்! போலாம்!”

ஒவ்வொரு சாமானும் டிக்கெட் காட்ட வேண்டும். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசு போன வருஷம் முடிந்த பிறகு யாராவது ஒரு தடவையாவது அதைப் பயன்படுத்தியிருந்தால் டிக்கெட் உண்டு. இல்லையென்றால் தெருவில் இறக்கம். வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம்.

“சார்வாள், இந்தக் கொடை?”

“இருக்கட்டும் அண்ணாச்சி, கம்பி நல்ல கம்பி...”

“போன தவசுக்குப் பெறகு பிடிச்சியளா?”

“பிடிக்கல.”

“டிக்கெட் இல்லாத ஆளு! இறக்கு!” பீப்.

நடுவில் அப்பா ஒரு விடைத்தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். சிவப்பு மையைத் தேடினார். அண்ணாச்சி காதருகே வந்து ஒரு நீள விசில் கொடுத்தார்.

“ஓடுத பஸ்ல பாடம் நடத்தாதிய சார்வாள்!”

சோழபுரம் தாண்டியதும் அம்மா களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தாள். “தாயி, கரிவலத்துல டீ! அஞ்சே நிமிசம்!” என்று அண்ணாச்சி கத்தினார். கரிவலத்தில் டீ வந்தது. ஐந்தாவது நிமிஷம் விசில். எனக்குப் பாதி தம்ளர் மிச்சம். நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரண்டு நாள் உற்சாகம் எங்கள் வீட்டில் தீபாவளிக்குக்கூட இருந்ததில்லை. வியாழக்கிழமை மத்தியானம் அப்பாவே ஒரு கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “இவனுக்கும் டிக்கெட் இல்ல அண்ணாச்சி” என்றார். அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி இந்தப் பாடு?” என்று கேட்டேன்.

“முப்பது வருசம் வே. பிதுங்குத பஸ்ல நின்னுக்கிட்டு, உள்ள எடம் இருக்கு, உள்ள போ, உள்ள போன்னு வாய் கூசாமப் பொய் சொன்னேன். ஒரு பிள்ளத்தாச்சியக்கூட அப்படிச் சொல்லித்தான் ஏத்துனேன். இப்ப அந்தப் பொய்ய நெசமாக்குதேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. தரை பளபளத்தது. சன்னல் வழியே வெளிச்சம் வந்தது. அந்தச் சுவரில் ஒரு சன்னல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பேர், ஒரு பை நிறைய தங்கள் ஊர் எலுமிச்சம்பழத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். அப்போதுதான் அம்மா என் கையைக் கிள்ளினாள்.

“ஏலே, நாற்காலி எங்கல?”

ஒன்றுகூட இல்லை! ஆறு நாற்காலி, ஒரு பெஞ்சு. அத்தனையும் இத்தனை வருஷமாக அப்பாவின் சாமான் மூட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தவை. போன தபசுக்குப் பிறகு அவற்றில் மனிதர் யாரும் உட்காரவில்லை. சட்டப்படி டிக்கெட் இல்லாமல் எல்லாம் தெருவில் இறங்கி, யார் யார் வீட்டுக்கோ போய்விட்டன.

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் கோமதியின் வளையல் சத்தம் நின்றுபோனது. மூன்றாவது தடவையும் போயிற்று என்றுதான் நினைத்தேன். காலையிலேயே வந்திருந்த ரைட் அண்ணாச்சி அசரவில்லை. ஜமுக்காளத்தை உதறி நடுக் கூடத்தில் விரித்துவிட்டு வாசலுக்குப் போனார்.

“உள்ள போங்க! உள்ள போங்க! உள்ள எடம் இருக்கு!”

மாப்பிள்ளையின் அப்பா கனத்த சரீரம். புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வந்திருக்கிறார். “பஸ்லயும் இதத்தான்யா சொன்னான்” என்று முறைத்தபடி உள்ளே வந்தவர், கூடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மெல்ல ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். சுவரில் சாய்ந்தார். கேசரி வருவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “போன வீட்ல எல்லாம் எந்திரி, கிளம்புன்னு என்னய அரிச்சு எடுத்துருவாவ. இங்கன பாருங்க, சொந்த வீடு மாதிரி தூங்குதாவ!” என்றார். பிறகு கோமதியைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி அவளுக்கு வைத்துவிட்டார். ஆவணியில் கல்யாணம். பந்தல் வாசலில் வரவேற்றது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஏழெட்டு வருஷம் கழித்து, சிவகிரியில் மகன் வீட்டோடு இருக்கப் போவதற்கு முந்தின நாள் ரைட் அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். ஆள் மெலிந்திருந்தார், மூச்சு வாங்கியது. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

“போன தவசுக்குப் பெறகு இத ஊதல வே. டாக்டர் கூடாதுன்னுட்டாரு. சட்டம்னா எனக்கும் சட்டம்தானே?”

இப்போது அவர் இல்லை. விசில் என் மேசை டிராயரில் இருக்கிறது. வருஷா வருஷம் ஆடித்தபசன்று மறக்காமல் எடுத்து இரண்டு தடவை ஊதிவிடுவேன். அடுத்த தபசு வரைக்கும் அதற்கு டிக்கெட் உண்டு.