மீதிக்குப் பெப்பர்மிட்டு

"பதினேழு கடலை மிட்டாயை நாலு பேருக்குச் சமமாப் பங்கு வச்சா மீதி எத்தன?"

வேதமுத்து சார் மூன்றாம் முறையாகக் கேட்டார்.

"மீதி இருக்காது சார்," என்றான் மாசானம். "அந்த ஒண்ணையும் எங்கம்மை நாலா ஒடச்சிக் குடுத்திருவா."

மூன்றாம் வகுப்பே தலையாட்டியது. தாராவியில் ஒற்றை அறையில் எட்டுப் பேர் படுத்து எழும் வீட்டில் மிட்டாய் மிஞ்சும் என்றால் எந்தப் பிள்ளை நம்பும்?

மதியம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார். இந்தத் தமிழ்ப் பள்ளியில் வேதமுத்து இன்னும் தற்காலிக வாத்தியார்தான். இன்ஸ்பெக்டர் ஒரு வரி மோசமாக எழுதிவிட்டால், பெட்டி படுக்கையோடு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

உடைக்க முடியாத பொருளாக வேண்டும். சார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பிள்ளைகளையே எடுத்துக்கொண்டார்.

"வந்திருக்கது இருபத்தேழு பேர். பெஞ்சுக்கு நாலு பேரா உக்காருங்கலே."

ஆறு பெஞ்சு நிறைந்தது. மாசானத்தோடு சேர்த்து மூன்று பேர் நின்றார்கள்.

"பாத்தீங்களா? இவங்கதாம்லே மீதி!"

மாசானத்தின் உதடு பிதுங்கியது. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் அவன் அம்மா ஆறுமுகத்தாய் அவனையும் இழுத்துக்கொண்டு மாவுக் கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஏன் சார், நாலு பொட்டப் புள்ளைக்கு அப்புறம் தவங்கெடந்து பெத்த புள்ள. அவனப் போயி மீதின்னு நிறுத்துனீகளாமே?"

"அது கணக்கும்மா..."

"எம்புள்ள மீதியா வர்ற கணக்கு எங்களுக்கு வேண்டாம்!"

சார் பதறிப்போனார். "ஐயையோ, மீதின்னா கேவலமில்லம்மா. மீதிக்குத்தான் தனி மரியாத!" என்றவர், பியூன் பூலோகத்தை அனுப்பி ஒரு பொட்டலம் பெப்பர்மிட்டு வாங்கிவரச் சொன்னார். நின்ற மூவருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்த பிறகுதான் ஆறுமுகத்தாய் இறங்கிப் போனாள். சாருக்கும் மூச்சு வந்தது.

வந்த மூச்சு மதிய மணிவரைதான் நிலைத்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பெஞ்சில் ஒரு பிள்ளை இல்லை. சுவரோரம் நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம். பெப்பர்மிட்டுச் செய்தி சந்துசந்தாகப் பரவியிருந்தது. இட்லி விற்கப் போனவன், தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டோடு இருந்தவள் என்று, பேர் மட்டும் பதிந்துவிட்டுப் பல மாதமாக முகமே காட்டாதவர்களெல்லாம் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி வந்திருந்தார்கள்.

"உக்காருங்கலே!"

"மாட்டேன் சார், நாந்தான் மீதி!"

"போலே, நான்தாம்லே மீதி!"

வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றார். பின்னால் பூலோகம்.

"என்னய்யா இது, பெஞ்சு பூரா காலியா கெடக்கு?"

"வ... வகுத்தல் சார்."

"மீதி எவ்வளவு?"

"நாங்க எல்லாருந்தான் சார்!" என்று வகுப்பே கூரை அதிரக் கத்தியது.

இன்ஸ்பெக்டர் சுவரோரமாக விரலை நீட்டி நீட்டி ஏதோ முணுமுணுத்தார், எழுதினார், போய்விட்டார். சார் காலிப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். மெட்ராஸ் மெயில் கூவுவது இப்போதே காதில் கேட்டது.

இன்ஸ்பெக்டரை பஸ் ஏற்றிவிட்டு வந்த பூலோகத்துக்கு வாயெல்லாம் பல்.

"அரே சார், ஏன் இடிஞ்சு போயி உக்காந்திருக்கீக? அவரு பாடம் பாக்க வரல, தல எண்ண வந்தாரு. நாப்பது புள்ள வரலன்னா வகுப்ப மூடிட்டு உங்கள வீட்டுக்கு அனுப்பணும்னு ஆர்டராம். எண்ணிப் பாத்தா, நாப்பது போக ஒண்ணு மீதி!"